கமரா வாங்கியாயிற்று, அடுத்தது என்ன?

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இந்தக் கேள்வியோடு தொலைபேசியில் வருகிறார்கள். "அண்ணா, கமரா வாங்கிட்டன். இனி என்னென்ன வாங்க வேணும்?" பெரும்பாலும் ஊடகக் கற்கை மாணவர்கள், கல்யாண வீடுகளில் படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள். ஒருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கேட்கும்போதே அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். ட்ரைபொட், மூன்று நான்கு ஃபில்டர்கள், வட்ட வடிவ எல்.ஈ.டி. விளக்கு, தோளில் மாட்டும் பெரிய பை. யூடியூபில் யாரோ சொன்னது, அல்லது கடைக்காரர் "பக்கேஜ்" என்று கமராவோடு சேர்த்துத் தந்தது.

நான் அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன். சில பொருட்கள் படத்தை இன்னும் அழகாக்கும். வேறு சில பொருட்கள், எடுத்த படம் உங்களிடமே இருப்பதை உறுதிசெய்யும். புதிதாகத் தொடங்குபவர்களின் காசு முதல் வகைக்குத்தான் போகிறது. இரண்டாவது வகைப் பொருட்கள் பார்வைக்குச் சாதாரணமானவை. கழுத்தில் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்க முடியாதவை. ஒரு துண்டு பிளாஸ்ரிக், ஒரு பட்டரி, ஒரு சாப்பாட்டுப் பெட்டி. ஆனால் முதலில் வாங்க வேண்டியவை இவைதான் என்பதை நான் காசு கொடுத்தும் வேறு ஒன்றைக் கொடுத்தும் கற்றுக்கொண்டேன்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் மூன்று நாள் பயணமாக வன்னிக்குப் போயிருந்தேன். முதல் இரண்டு நாளும் வேறு வேலை, குளங்களும் வயல்களுமாகப் படங்கள். மூன்றாம் நாள் போராட்டக் கொட்டிலில் இருந்தேன். மகனின் பாடசாலைக் காலப் படத்தைப் பெரிதாக்கி, பிளாஸ்ரிக் உறை போட்டு மடியில் வைத்திருந்த ஓர் அம்மா, நான் எடுத்த படத்தைத் திரையில் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதில ஒண்டு எனக்கு அடிச்சுத் தாங்கோ. எனக்கெண்டு ஒரு படமும் இல்லை" என்றார். அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறேன் என்றேன்.

அன்றிரவு கார்ட்டைக் கணினியில் போட்டேன். முதலிரு நாளின் படங்கள் இருந்தன. மூன்றாம் நாளின் கோப்புகளுக்குப் பெயர் இருந்தது, திகதி இருந்தது, திறந்தால் எதுவும் இல்லை. 64 ஜீபீ என்று மேலே அச்சிட்டிருந்த அந்தக் கார்ட் போலி. அதற்குள் உண்மையில் இருந்த இடம் 8 ஜீபீ. அசல் கார்ட்டின் விலையில் பாதிக்குக் கிடைத்ததென்று கொழும்பில் ஒரு கடையில் சந்தோசமாக வாங்கியது.

கார்ட்டில் எழுதியிருப்பதை வாசிக்கப் பழகுங்கள்

போலிக் கார்ட் எப்படி ஏமாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் நான் நல்ல கமராவை வைத்துக்கொண்டுதான் ஏமாந்தேன். கார்ட்டுக்குள் தரவைச் சேமிக்கும் சில்லோடு, அதைக் கட்டுப்படுத்தும் சிறிய சில்லு ஒன்றும் இருக்கிறது. "உன்னிடம் எவ்வளவு இடம் உண்டு?" என்று கமரா கேட்பது இந்தச் சில்லிடம்தான். போலி தயாரிப்பவர்கள் இதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். 8 ஜீபீ நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதன்பிறகு வருவதைக் கார்ட் வாங்கிக்கொள்வதுபோல நடித்துத் தூக்கிப்போட்டுவிடும், அல்லது பழையதன் மேலேயே எழுதிவிடும். படம் எடுத்தவுடன் திரையில் தெரிகிறதே என்று கேட்கலாம். அந்த நொடியில் தெரிவது கமராவின் தற்காலிக நினைவகத்திலிருந்து வருவது. அந்த அம்மா பார்த்ததும் அதைத்தான்.

இதைத் தவிர்க்க ஒரு மாலைப்பொழுது போதும். விண்டோஸ் கணினி என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ, மக் அல்லது லினக்ஸ் என்றால் எஃப்3 என்ற இலவச மென்பொருள். புதிய கார்ட்டை அதன் முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, மறுபடி வாசித்துச் சரிபார்க்கும். பெரிய கார்ட்டுக்கு மணிக்கணக்கில் எடுக்கும். இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள். தேறாத கார்ட்டைப் பற்றுச்சீட்டோடு திருப்பிக் கொடுங்கள். பற்றுச்சீட்டுத் தர மறுக்கும் கடையில் கார்ட் வாங்காதீர்கள்.

இனி அந்தச் சின்னத் துண்டில் நெருக்கியடித்து எழுதியிருக்கும் எண்கள். பெரிதாகத் தெரியும் 100, 170, 200 போன்றவை பெரும்பாலும் வாசிக்கும் உச்ச வேகம். கணினிக்கு மாற்றும்போதுதான் அதன் பயன் தெரியும். படமெடுக்கும்போது முக்கியம் எழுதும் வேகம். யூ என்ற எழுத்தின் குழிக்குள் 1 இருந்தால் செக்கனுக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும் என்ற உத்தரவாதம். 3 இருந்தால் 30 மெகாபைட். வீ30 என்பதும் அதே 30தான். சாதாரணப் படங்களுக்கும் தொடக்கநிலைக் கமராக்களின் 4கே காணொளிக்கும் யூ3 அல்லது வீ30 பெரும்பாலும் போதும். வீ60, வீ90 எல்லாம் சினிமா எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பழைய கமராவை இரண்டாம் கையாக வாங்கியிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 32 ஜீபீக்கு மேற்பட்ட கார்ட்கள் எஸ்டிஎக்ஸ்சி என்ற வகை. மிகப் பழைய கமராக்கள் சில இவற்றை ஏற்றுக்கொள்வதில்லை.

24 மெகாபிக்சல் கமராவில் ஒரு ரோ கோப்பு கிட்டத்தட்ட 25 முதல் 30 மெகாபைட் வரும். 64 ஜீபீயில் இரண்டாயிரம் படம் பிடிக்கலாம். இதனால்தான் 128 ஜீபீ ஒன்று வாங்குவதைவிட 64 ஜீபீ இரண்டு வாங்குங்கள் என்கிறேன். ஒன்று செத்தால் மற்றதில் பாதியாவது மிஞ்சும். கணினிக்கு மாற்றி, சரிபார்த்த பின்பு, கமராவிலேயே போர்மட் செய்யுங்கள். கணினியில் வைத்து அழிப்பது, வேறு கமராவில் போட்டு எடுப்பது எல்லாம் கோப்புக் குழப்பங்களுக்கு வழிவைக்கும்.

படம் அழிந்துவிட்டால், அல்லது அழிக்கச் சொல்லி யாராவது நின்றால் (வடக்கு கிழக்கில் வீதியில் இறங்கிப் படமெடுக்கும் பலருக்கு அந்த அனுபவம் உண்டு), ஒன்றை நினைவில் வையுங்கள். அழி என்று அழுத்தும்போது பெரும்பாலும் அழிவது படத்தின் முகவரி மட்டும்தான். அதே இடத்தில் புதுப் படம் எழுதப்படும்வரை பழையது உள்ளேயே கிடக்கும். உடனே கார்ட்டைக் கழற்றி, பக்கவாட்டிலுள்ள சின்னப் பூட்டைக் கீழே தள்ளி, வேறு கார்ட் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் பெரும்பாலானவை திரும்பக் கிடைக்கும். என் போலிக் கார்ட்டில் இதையும் முயன்று பார்த்தேன். எழுதப்படாத ஒன்றை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இரண்டாவது பட்டரி

கார்ட்டுக்கு அடுத்த செலவு இதுதான். இதைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கமராக்கள் பட்டரியைச் சிக்கனமாகவே பயன்படுத்தின. நிக்கோன் டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் எடுக்கும் என்பது சிபா என்ற ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் அளவீட்டுமுறைப்படி வந்த கணக்கு. கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கமராக்களில் திரை எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அதே முறையில் அளந்தால் சோனி ஏ6000 கிட்டத்தட்ட 360 படம். கெனன் எம்50 வெறும் 235. இப்போது புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் மிரர்லெஸ்தான் வாங்குகிறார்கள். கடையில் இதை யாரும் சொல்வதில்லை. ஒரு தேர்த் திருவிழாவுக்கு 235 படம் எந்த மூலைக்கு? தேர் இருப்பிடத்தை விட்டு அசையும் முன்னமே முடிந்துவிடும்.

2022 மார்ச் இறுதியில் ஒருநாள் மின்வெட்டு 13 மணித்தியாலம்வரை போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஏப்ரலில் காலிமுகத்திடலில் போராட்டம் தொடங்கியபோது என்னிடம் ஒரேயொரு பட்டரி. பகலில் படம், இரவில் சார்ஜ் என்ற என் ஒழுங்கு அந்த மாதங்களில் எந்தப் பயனும் தரவில்லை. கமரா கழுத்தில் தொங்க, கைபேசியால் படமெடுத்துக்கொண்டு நின்றேன். உங்கள் கமரா யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறக்கூடியதா என்று கையேட்டில் பாருங்கள். ஏறும் என்றால் கைபேசிக்கு வைத்திருக்கும் பவர் பேங்கே போதும். சில கமராக்கள் சாதாரண பவர் பேங்கை ஏற்காது, அதிக வலுவுள்ளதைக் கேட்கும். அதை வாங்கும் முன் கடையிலேயே செருகிப் பார்த்துவிடுவது நல்லது.

கமரா நிறுவனத்தின் சொந்தப் பட்டரி விலை கூடியது. வேறு நிறுவனங்களின் பட்டரிகள் மலிவு. அவற்றில் நல்லவையும் உண்டு, ஆறு மாதத்தில் வீங்கி, கமராவின் குழியிலேயே இறுகிப்போனவையும் உண்டு. என் யோசனை: கமராவோடு வந்தது ஒன்று, பெயர் தெரிந்த வேறு நிறுவனத்தின் ஒன்று. வீங்கத் தொடங்கியதை அன்றே ஓரம் கட்டுங்கள். வாரக்கணக்கில் பாவிக்காமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் வையுங்கள். விமானத்தில் போனால் மேலதிகப் பட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், ஏற்றி அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது.

பூஞ்சணம்: எங்கள் ஊரின் எதிரி

கமரா பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளையும் காணொளிகளையும் பெரும்பாலும் எழுதுகிறவர்கள் வறண்ட, குளிர்ந்த நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டியலில் இது கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். இலங்கையின் பெரும்பாலான பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதி காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல். வடக்கு கிழக்கில் ஒக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மழை. மலையகத்தில் மூடுபனி. கடற்கரை முழுக்க உப்புக்காற்று. பூஞ்சண வித்துகள் எங்கும் உண்டு, லென்ஸுக்குள்ளும் உண்டு. ஈரப்பதன் 60, 70 சதவீதத்தைத் தாண்டி, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் முளைக்கத் தொடங்கும்.

தொடக்கத்தில் தெரியவே தெரியாது. லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்தால் கைபேசியின் டோர்ச்சை அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய வெள்ளை நூல்கள் தெரிந்தால் அதுதான். முதலில் படம் இலேசாக மங்கும், வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தால் பால் ஊற்றியதுபோல இருக்கும். விட்டுவிட்டால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். அதன்பின் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. இரண்டாம் கை லென்ஸ் வாங்குபவர்கள் காசை எண்ணும் முன் இந்த டோர்ச் சோதனையைச் செய்யுங்கள்.

இதில் மிக மோசமான இடம் எது தெரியுமா? கமராவோடு இலவசமாகத் தந்த அந்தப் பை. பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பையைத் தூக்கிச் செல்லப் பாவியுங்கள். வீட்டில் கமராவை அதற்குள் பூட்டி, அலுமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள்.

வசதி உள்ளவர்களுக்கு டிரை கபினெட் என்ற மின்சாரப் பெட்டி இருக்கிறது. ஈரப்பதனை 40 முதல் 50 சதவீதத்துக்குள் தானே வைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் அது தேவையில்லை. ரப்பர் விளிம்போடு இறுக மூடும் பெரிய பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, உள்ளே போட சிலிக்கா ஜெல், ஈரப்பதன் காட்டும் சின்ன மானி ஒன்று. மானியை விடாதீர்கள், அது இல்லாமல் வெறும் ஊகம்தான். 60க்கு மேல் ஏறினால் ஜெல்லை உலர்த்த வேண்டும். 30க்குக் கீழே நெடுநாள் இருப்பதும் நல்லதல்ல, ரப்பரும் உள்ளே இட்ட எண்ணெய்ப் பசையும் காய்ந்துவிடும்.

சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் எறிய வேண்டியதில்லை. கிட்டத்தட்ட 120 பாகை செல்சியஸ் சூட்டில் ஒன்றிரண்டு மணித்தியாலம் வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைட் கலந்திருக்கிறது, அது நச்சு. செம்மஞ்சள் நிற வகையைக் கேட்டு வாங்குங்கள். எந்த வகையானாலும் சமையலுக்குப் பாவிக்கும் தாச்சியில் வறுக்க வேண்டாம். அரிசிக்குள் கமராவைப் புதைக்கச் சொல்லும் வைத்தியமும் உண்டு. அரிசித் தவிடு லென்ஸின் இடுக்கில் போனால் நீங்கள் இரண்டு பிரச்சினையோடு கடைக்குப் போவீர்கள்.

பெட்டியைவிடச் சிறந்த மருந்து ஒன்றிருக்கிறது, அதற்குக் காசில்லை. கமராவைப் பாவித்துக்கொண்டிருப்பது. வெளிச்சமும் காற்றும் படும் லென்ஸில் பூஞ்சணம் இலகுவில் பிடிப்பதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல், குளிரூட்டிய பேருந்திலிருந்தோ ஹோட்டல் அறையிலிருந்தோ வெளியே வந்தவுடன் லென்ஸ் வியர்ப்பது. துடைக்கத் துடைக்க வரும். வெளியே வரும் முன்பே கமராவைப் பைக்குள் வைத்து மூடி, இருபது முப்பது நிமிடம் அப்படியே விடுங்கள். காலை ஆறு மணிக்குச் சூரிய உதயம் எடுக்க வேண்டுமென்றால் ஐந்தரைக்கே கமராவை வெளியே அனுப்பிவிட வேண்டும்.

ஊதி, துணி, சொப்பிங் பை

நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். வெளிவீதியில் கொட்டிய மணல், அதில் அங்கப்பிரதட்டை செய்பவர்கள், அவர்களுக்குப் பின்னால் எழும் தூசி. படங்கள் நன்றாக வரும். அன்றிரவு லென்ஸை மேற்சட்டை நுனியால் துடைப்பவரின் லென்ஸுக்கு அடுத்த வருடத் திருவிழா இருக்காது. மணல் என்பது நுணுக்கிய கல். அதன்மேல் துணியை வைத்துத் தேய்த்தால் கீறல்தான்.

வரிசை முக்கியம். முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் படும். பிறகு மென்மயிர்த் தூரிகை. கடைசியாகத்தான் மைக்ரோஃபைபர் துணி, அதுவும் கைரேகை இருந்தால் மட்டும். கடற்கரையிலிருந்து வந்தால் கமராவின் உடலை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பின்பு உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பு காய்ந்தால் பொத்தான்களுக்குள் போய்விடும்.

மழைக்கு உறை விற்கிறார்கள். நான் இன்னும் சொப்பிங் பைதான். அடியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை, லென்ஸ் ஹூட்டைச் சுற்றி ஒரு ரப்பர் பாண்ட். பார்க்க நன்றாயிராது. தண்ணீர் போகாது.

ஹூட் என்றதும் ஞாபகம் வருகிறது. லென்ஸின் முன்னால் மாட்டும் அந்தக் கறுப்புக் கிண்ணம் வெயிலின் பக்கவாட்டு ஒளியைத் தடுக்கும், கமரா இடிபட்டால் முதல் அடியைத் தாங்கும். சில நிறுவனங்கள் லென்ஸோடு தருவதில்லை, தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. யுவி ஃபில்டருக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுங்கள் என்பது என் கட்சி. டிஜிட்டல் கமராவின் உணரிக்கு முன்னாலேயே புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி உண்டு. மலிவு யுவி ஃபில்டர், இரவில் வீதிவிளக்குகளின் போலிப் பிம்பங்களைப் படத்தில் போடுவதுதான் மிச்சம். உப்புத் தெறிக்கும் கடலோரத்திலும் மணல் அடிக்கும் மன்னாரிலும் மட்டும் நான் ஒன்றை மாட்டுவேன், வேலை முடியக் கழற்றிவிடுவேன்.

வாங்கத் தகுந்த ஒரே ஃபில்டர் போலரைசர், சிபிஎல் என்று கேட்டால் கடையில் தருவார்கள். குளத்தின் மேற்பரப்பில் அடிக்கும் வானத்தின் பிரதிபலிப்பை வெட்டி, உள்ளே தாமரைத் தண்டைக் காட்டும் வேலையைக் கணினியில் பின்னர் செய்துவிட முடியாது. சூரியன் உங்கள் தோள்பக்கத்தில் இருக்கும்போது அதிகம் வேலை செய்யும். ஒன்றரை ஸ்டொப் அளவுக்கு ஒளியைக் குடித்துவிடும், ஆகவே மாலையில் கழற்றுங்கள். அளவு பார்த்து வாங்குங்கள். லென்ஸின் முகப்பில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட குறியோடு இருக்கும் எண்தான் அளவு. கெனனின் 18-55 லென்ஸுக்கு அது பெரும்பாலும் 58 மில்லிமீற்றர்.

ட்ரைபொட்டும் ஒளியும்

பக்கேஜில் வரும் ட்ரைபொட்டைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. கைபேசியைத் தாங்கும். கமராவை வைத்தால் காற்றுக்கு ஆடும், கழுத்து மெல்ல மெல்லத் தலைகுனியும். ஆடும் ட்ரைபொட் இல்லாத ட்ரைபொட்டைவிட மோசம், அதை நம்பி மெதுவான ஷட்டரில் எடுத்துவிடுவோம். வாங்குவதானால் உங்கள் கமராவும் லென்ஸும் சேர்ந்த எடையைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தாங்கும் ஒன்றை வாங்குங்கள். நடுத்தண்டை உயர்த்தாமல் பாவியுங்கள், அதன் கொக்கியில் பையைத் தொங்கவிடுங்கள், இரண்டு செக்கன் டைமர் வைத்து அழுத்துங்கள், லென்ஸின் அதிர்வுத் தடுப்பை நிறுத்திவிடுங்கள்.

அதுவரைக்கும்? ஒரு துணிப்பையில் ஒரு கிலோ பயறு. மதிலில், காரின் கதவில், கோயில் படியில் வைத்து அதன்மேல் கமராவை அழுத்தி இருத்துங்கள். நான் எடுத்த இரவுப் படங்களில் பாதி பயற்றுப்பையில் எடுத்தவை. மழைக்காலத்தில் பயறை மட்டும் மாற்ற வேண்டும், முளைத்துவிடும்.

ஒளிக்கும் இதே கதைதான். முகத்தின் ஒரு பக்கம் இருட்டாயிருந்தால் எல்.ஈ.டி. வட்டம் வேண்டாம். வெள்ளை ரெஜிஃபோம் தட்டு ஒன்றை, இல்லையென்றால் வெள்ளை பிரிஸ்டல் போர்ட்டை எதிர்ப்பக்கம் பிடியுங்கள். கல்யாண வீட்டுக்குப் போகத் தொடங்கும்போது தலை திரும்பும் வெளி ஃப்ளாஷ் ஒன்று வாங்குங்கள், அதை முகத்துக்கு நேரே அடிக்காமல் வெள்ளைக் கூரைக்கோ சுவருக்கோ அடியுங்கள். ஓட்டுக்கூரை வீடுகளில் சுவர்தான் துணை.

படம் எங்கே இருக்கிறது?

எங்கள் ஊர்களில் குடும்ப அல்பங்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இடப்பெயர்வில் காணி உறுதியோடு அல்பத்தையும் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இருக்கிறார்கள். கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து தோண்டியபோது மண்ணைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கரையோர வீடுகளோடு அல்பங்களும் போயின. பல குடும்பங்களில் ஒரு மனிதருக்கு மிச்சமிருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு படம். இப்போது நாம் முன்னர் ஒருபோதும் இல்லாத அளவுக்குப் படம் எடுக்கிறோம், எல்லாவற்றையும் ஒரு லெப்டொப்பில் வைத்திருக்கிறோம்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று, இரண்டு, ஒன்று. மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். கேட்கப் பெரிதாக இருக்கும். செய்வது இலகு. லெப்டொப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, மூன்றாவது இணையத்தில். கூகுள் கணக்கொன்றுக்கு 15 ஜீபீ இலவசம். எல்லாவற்றையும் ஏற்ற டேட்டா கட்டணம் விடாது. ஒவ்வொரு பயணத்திலும் தேர்ந்த இருபது முப்பது படத்தை மட்டும் ஏற்றுங்கள். இணையம் வேண்டாமென்றால் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்றை அக்கா வீட்டில் வையுங்கள். ஒரே பையில் லெப்டொப்பும் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால் அது ஒரு பிரதிதான், கள்ளனுக்கு இரண்டும் சேர்ந்தே போகும்.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குச் சற்று மேல் இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அதன்பின் கமராப் பொருட்களின் விலை பழைய இடத்துக்கு வரவில்லை. எனவே ஒரே நாளில் எல்லாம் வாங்க முடியாது. கையில் கொஞ்சக் காசுதான் என்றால் சோதித்த கார்ட் இரண்டு, ஊதி, சாப்பாட்டுப் பெட்டியும் ஜெல்லும். அடுத்த சம்பளத்துக்குப் பட்டரி. அதற்கடுத்து ஹார்ட் டிஸ்க். ட்ரைபொட்டும் போலரைசரும் ஃப்ளாஷும் நீங்கள் எதைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்த பிறகு.

இந்தப் பட்டியலில் எந்தக் கடையும் சேர்க்காத இன்னொன்றையும் நான் சேர்ப்பேன். அச்சு. அந்த வன்னிப் பயணத்துக்கு இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன், புதுப் படம் எடுத்துக் கொடுக்கும் எண்ணத்தோடு. அம்மா ஆஸ்பத்திரியில் என்றார்கள். அதற்கடுத்த வருடம் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, நீங்க அண்டைக்கு எடுத்த அம்மாட படம் இருக்கோ?" மரண அறிவித்தலுக்குக் கேட்டார். இல்லை என்றேன். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள்.

இப்போது என் பையில் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. யாரையாவது படமெடுத்தால் பெயர், ஊர், எந்தச் சந்தியில் யாரிடம் கொடுத்தால் போய்ச்சேரும் என்று எழுதிக்கொள்வேன். அன்றிரவே கார்ட்டைக் கணினியில் போட்டுத் திறந்து பார்ப்பேன். ஊர் திரும்பிய வாரத்துக்குள் 4×6 அளவில் இரண்டு பிரதி அடித்து, ஒன்றைத் தபால் உறையில் போட்டுவிடுவேன். மற்றது என்னிடம்.